ஹெலிகாப்டர் கேட்கும் முன்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

தீவிலும் பெருநிலத்திலுமாக நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் நகர நெரிசலுக்குள் இருக்கும் பள்ளியும் உண்டு, நிபோங் திபால் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளியும் உண்டு. கட்டட நிதி, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சிற்றுண்டிச்சாலை விலை என்று உங்கள் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் எப்போதும் நிறைந்தே இருக்கும். அதில் இன்னொரு பொருளையும் சேர்க்கச் சொல்லித்தான் இம்மடல். படுகாயமடைந்த ஒரு பிள்ளை, அதைக் காப்பாற்றக்கூடிய அறுவைக் கூடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது?

பிள்ளைகள் அடிபட்ட விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஹெலிகாப்டர் ஏன் வரவில்லை?" கூடவே ஒரு வெளிநாட்டுக் காணொளியும் சுற்றும். நெடுஞ்சாலை நடுவே ஹெலிகாப்டர் இறங்கும், முதுகில் பையோடு மருத்துவர் இறங்கி ஓடிவருவார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரை மிக அதிகமாகப் பறிப்பது சாலை விபத்துதான். நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போவதும் அதே மோட்டார் சைக்கிளில்தான்.

ஹெலிகாப்டரும் நமக்குத் தூரத்தில் இல்லை. தீயணைப்பு மீட்புத் துறையின், அதாவது நம் பேச்சில் பொம்பாவின், வான் பிரிவு வட மாநிலங்களுக்கான தளத்தை நம் மாநிலத்திலேயே, கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துப் பெர்த்தாமில் வைத்திருக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடுவது, காட்டுத்தீயின் மேல் தண்ணீர் கொட்டுவது, மலையில் சிக்கியவர்களை மீட்பது, நோயாளிகளை ஏற்றிச் செல்வது எல்லாம் அந்தப் பிரிவின் வேலைகள். பிறகு என்ன தடை என்று கேட்பீர்கள். நிலப்படத்தையும் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நிபோங் திபாலில் ஒரு பிள்ளைக்குத் தலையில் பலத்த அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தீவிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, நாம் ஜி.எச். என்று சொல்லும் பினாங்குப் பொது மருத்துவமனைக்கு, நேர்கோட்டில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். பொம்பாவிடம் இருக்கும் ஏடபிள்யூ139 வகை ஹெலிகாப்டர் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. பறக்கும் நேரம் மட்டும் பார்த்தால் எட்டு நிமிடம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ இருக்கிறது. 999 அழைப்பு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். ஹெலிகாப்டர்தான் தேவை என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். விமானி வானிலையைப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், பாயான் லெப்பாஸ் விமான நிலையம் இரண்டுக்கும் இடைப்பட்ட வான்வெளியில் பறக்க அனுமதி வேண்டும். மருத்துவக் குழு ஏற வேண்டும், என்ஜின் சூடாக வேண்டும், பெர்த்தாமிலிருந்து நிபோங் திபால் வரை வர வேண்டும். அங்கே இறங்க இடம் வேண்டும். பிள்ளையை ஏற்றி, தீவில் இறங்கி, இறங்கிய இடத்திலிருந்து இன்னொரு ஆம்புலன்சில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனையும் முடிவதற்குள், சாலை வழியே சைரனோடு கிளம்பிய ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலையில் செபராங் ஜெயா மருத்துவமனையை அடைந்திருக்கலாம், அல்லது 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலத்தைக் கடந்துகொண்டிருக்கலாம்.

இதே பிள்ளை லங்காவியில் இருந்தால் கணக்கு மாறிவிடும். நடுவில் இருப்பது கடல், பாலம் கிடையாது. பேராக்கின் கெரிக் மலைச்சாலையிலோ, தெமெங்கோர் ஏரிக்கு அப்பால் ஒராங் அஸ்லி குடியிருப்பிலோ, கெடாவின் சிக் உள்வட்டாரத்திலோ இருந்தாலும் அப்படியே. அங்கெல்லாம் சாலைக்கு ஆகும் நேரத்தில் ஒரு பகுதிதான் வானுக்கு ஆகும். 2025 ஜூன் 9 அதிகாலை, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தூரம் என்றால் என்ன என்பதை அந்தச் சாலை காட்டியது. இருளிலும் மலை மூடுபனியிலும் ஹெலிகாப்டர் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது என்பதையும் அதே சாலையை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

காயமுற்றவரை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதியதே இல்லை. மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1950இல், பிரிட்டிஷ் விமானப்படை சிங்கப்பூரின் செலேத்தாரில் டிராகன்ஃபிளை வகை ஹெலிகாப்டர்களைக் கொண்டு ஒரு தனிப் பிரிவை அமைத்தது. காட்டுக்குள் காயமடைந்த சிப்பாய்களை வெளியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. மரங்களை வெட்டி இறங்குமிடம் செய்துகொடுத்தால் ஓரிருவரை ஏற்றிக்கொண்டு அது மேலெழும். பிரிட்டிஷ் படைகளின் ஹெலிகாப்டர் மீட்புப் பணிக்கு மலாயாக் காடுதான் முதல் பயிற்சிக்களம். பிற்காலத்தில் அதே உள்காடுகளிலிருந்து ஒராங் அஸ்லி நோயாளிகள், குழந்தைகள் உட்பட, கோம்பாக்கில் இருந்த அவர்களுக்கான மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சரவாக்கில் 1973 முதல் பறக்கும் மருத்துவர் சேவை நீள்வீடுகளைத் தேடிப் போகிறது. இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சாலையே இல்லாத இடத்தில் அவை பிறந்தன. பினாங்கிலோ சாலை இருக்கிறது, இரண்டு பாலங்கள் இருக்கின்றன, மாலை ஐந்து மணிக்கு அவை இரண்டிலும் வண்டிகளும் இருக்கின்றன. நம் நகரத்துப் பிள்ளைக்கும் நேரம் பறிபோகிறதுதான். அதற்கான காரணம் வேறு என்பதால் மருந்தும் வேறாக இருக்க வேண்டும்.

மருந்து எது என்று சொல்லும் முன், அடிபட்ட பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் படிக்கும் 20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் மொத்த இரத்தம் சுமார் 1,600 மில்லிலிட்டர். நாம் கடையில் வாங்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பெரியவர் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கு அந்தப் பிள்ளைக்கு உயிராபத்து. அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளையின் உடம்பு ஆபத்தை மறைத்துவிடும். இதயம் வேகமாகத் துடித்து, இரத்தக் குழாய்கள் சுருங்கி, கால் பங்கு இரத்தம் போன பிறகும் இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகவே கருவி காட்டும். பிறகு திடீரெனச் சரியும், சரிந்தால் மீட்பது கடினம். வேகமான நாடி, குளிர்ந்த கைகால், வெளிறிய முகம், வழக்கத்துக்கு மாறான தூக்கக்கலக்கம் ஆகியவற்றைப் பார்த்தே அனுபவமுள்ளவர் முன்கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

உடம்போடு ஒப்பிட்டால் பிள்ளையின் தலை பெரியது, கழுத்துத் தசை மெலிந்தது. அதனால் விழும்போதும் மோதும்போதும் தலை முதலில் அடிவாங்கும். விலா எலும்பு வளைந்துகொடுக்கும். எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரலும் கல்லீரலும் மண்ணீரலும் நசுங்கியிருக்கும், வெளியே ஒரு சிராய்ப்பு மட்டும் தெரியும். உடல் வெப்பமும் சீக்கிரம் இறங்கிவிடும். மூச்சுக்குழாயில் இடும் குழாய் முதல் ஊசியில் ஏற்றும் மருந்தின் அளவு வரை எல்லாமே எடைக்குத் தக்கபடி மாறும். அந்தப் பரபரப்பில் எடை பார்க்க நேரமிருக்காது என்பதற்காகவே ஜேம்ஸ் பிரோஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் 1980களில் வண்ணப் பட்டை ஒன்றை உருவாக்கினார். பிள்ளையின் பக்கத்தில் அதை நீட்டி, உயரம் எந்த வண்ணத்தில் முடிகிறதோ அந்த வண்ணத்துக்குரிய குழாயையும் மருந்தளவையும் எடுத்துக்கொள்ளலாம். இன்று உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் அது பயன்படுகிறது.

இத்தனையையும் செய்யத் தெரிந்த கைகள் உள்ளே இல்லையென்றால் ஹெலிகாப்டர் ஒரு வேகமான வண்டி மட்டுமே. அதிலும் உள்ளே இடம் குறுகல், இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது, அதிர்வில் ஊசி ஏற்றுவது கடினம். அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் மூச்சுக்குழாயைப் பாதுகாப்பதையும் இரத்தப்போக்கை நிறுத்துவதையும் தரையிலேயே முடித்துவிட்டு, அதன் பிறகே ஏற்றுகின்றன. லண்டனில் 1989இல் தொடங்கிய வான் ஆம்புலன்ஸ் அறக்கட்டளை இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. அவர்களுடைய ஹெலிகாப்டர் முதலில் ஏற்றிச் செல்வது மருத்துவரையும் துணை மருத்துவரையும்தான். நெரிசல் மிக்க நகரத்தின் மேல் சில நிமிடங்களில் பறந்து, கிடைத்த பூங்காவில் இறங்கி, நடுத்தெருவிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலான நோயாளிகள் அதன் பிறகு அந்த மருத்துவர் துணையோடு சாதாரண ஆம்புலன்சில் சாலை வழியாகத்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். நகரத்துக்கு ஏற்ற முறை இது. நமக்கும் யோசித்துப் பார்க்கத் தகுந்தது.

மிகையாகப் பறப்பதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இத்துறைக்கு முன்னோடி. விபத்துக்குப் பிந்திய முதல் ஒரு மணி நேரத்தின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்ன அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கவுலி அங்கேதான் பணிபுரிந்தார். 1970இலேயே அம்மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர்கள் காயமுற்றவர்களை அவருடைய மருத்துவமனைக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டன. அதே மேரிலாந்தில் 2008 செப்டம்பரில், கார் விபத்தில் சிக்கிய இளம்பெண்கள் இருவரை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் இரவில், மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த ஐவரில் நால்வர் இறந்தனர். அதன் பிறகே, யாரைப் பறக்கவிட வேண்டும் என்ற விதியை அம்மாநிலம் இறுக்கியது, பறப்புகளும் வெகுவாகக் குறைந்தன. இத்தனைக்கும் 1996இலேயே வாஷிங்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் ஓர் ஆய்வில் எச்சரித்திருந்தார்கள். ஹெலிகாப்டரில் வந்த பிள்ளைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது உண்மை. கூடவே, அப்படி வந்தவர்களில் மிகப் பலருக்கு அது தேவைப்பட்டிருக்கவே இல்லை என்பதும் உண்மை. நினைவு நிலை, இதயத் துடிப்பு போன்ற எளிய அடையாளங்களைக் கொண்டே தேவைப்படும் பிள்ளையைச் சரியாகப் பொறுக்கி எடுக்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

ஆக, ஹெலிகாப்டரை வாங்குவதும் நிறுத்தி வைப்பதும் இந்த வேலையில் எளிய பகுதிதான். எந்தப் பிள்ளைக்கு அது, எந்தப் பிள்ளைக்குச் சாலை, யார் உடன் போவது, எங்கே கொண்டுபோவது என்பதை விபத்து நடக்கும் முன்பே முடிவுசெய்து எழுதி வைத்திருப்பதே கடினமான பகுதி. உயிரைக் காப்பதும் அதுதான்.

இதை மருத்துவர் சங்கத்துக்கோ சட்டமன்றத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? இந்தக் கடினமான பகுதியை ஒரு நாட்டில் பெற்றோர்கள்தான் செய்யவைத்தார்கள் என்பதால்.

1969 மே 3ஆம் தேதி, ஜெர்மனியின் வின்னென்டன் என்ற சிற்றூரில் நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பிய பியோர்ன் ஸ்டைகர் என்ற எட்டு வயதுப் பையன் மீது கார் மோதியது. காவல்துறைக்கும் செஞ்சிலுவைக்கும் உடனே அழைப்புகள் போயின. இருந்தும் ஆம்புலன்ஸ் வர ஏறத்தாழ ஒரு மணி நேரமானது. காயங்களால் அவன் இறக்கவில்லை, மருத்துவமனைக்குப் போகும் வழியில் அதிர்ச்சி நிலையால் இறந்தான். பெற்றோர் உட்டேயும் ஸீக்ஃப்ரீட் ஸ்டைகரும் இரண்டு மாதம் கழித்து, ஜூலை 7ஆம் தேதி, மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆம்புலன்சில் ஏன் வானொலித் தொடர்பு இல்லை, நெடுஞ்சாலையில் ஏன் அவசரத் தொலைபேசி இல்லை, நாடு முழுவதற்கும் ஏன் ஒரே அவசர எண் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1973இல் மேற்கு ஜெர்மனி 110, 112 என்ற எண்களை நாடெங்கும் கொண்டுவர முடிவெடுத்தது. இதற்கிடையில், 1970 நவம்பரில் மியூனிக்கில் அந்நாட்டின் முதல் நிரந்தர மீட்பு ஹெலிகாப்டர் சேவை தொடங்கியிருந்தது. 1972 செப்டம்பரில் அந்தத் தம்பதியர் ஜெர்மன் வான்மீட்பு அமைப்பையும் நிறுவினார்கள். அது இன்றும் பறக்கிறது.

அவர்கள் கேட்ட வரிசையைக் கவனியுங்கள். வானொலி, தொலைபேசி, எண், அதன் பிறகு ஹெலிகாப்டர். அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்.

மாநிலச் சுகாதாரத் துறையிடமும் தீயணைப்பு மீட்புத் துறையிடமும் உங்கள் சங்கங்கள் கூட்டாக, எழுத்தில் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பவை இவை.

ஒன்று, காயமடைந்த பிள்ளையை எந்த நிலையில் ஹெலிகாப்டரில் ஏற்றுவது என்பதற்கு எழுதப்பட்ட விதி என்ன? அந்த முடிவை எடுப்பவர் யார்? சம்பவ இடத்திலிருக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர் நேரடியாகக் கேட்க முடியுமா, அல்லது மருத்துவமனை வழியாகத்தான் கேட்க வேண்டுமா?

இரண்டு, பிள்ளையோடு செல்பவர் யார்? குழந்தை அவசரச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவரோ தாதியோ உண்டா? பிள்ளைகளின் அளவுக்கேற்ற கருவிகள் வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் உள்ளனவா? ஹெலிகாப்டர் புறப்பட முடியாத நேரத்தில் அதே குழு சாலை வழியாகக் கிளம்புமா?

மூன்று, எந்தக் காயத்துக்கு எந்த மருத்துவமனை? மூளை அறுவை, குழந்தை அறுவை, தீக்காயம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கடிதம் எழுதி, படுக்கை தேடி, மறுபடி ஏற்றி அனுப்புவதில் போகும் நேரம் பாலத்து நெரிசலில் போகும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். நேரே உரிய இடத்துக்குப் போகும் விதி உண்டா?

நான்கு, இறங்குமிடங்கள் எவை? தோட்டப் பகுதியிலும் தீவிலும் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தந்த திடல்களின் பட்டியல் இருக்கிறதா? இரவில் எவற்றில் இறங்கலாம்? இறங்கிய இடத்திலிருந்து அவசரப் பிரிவு வரை வண்டி தயாராக நிற்குமா?

ஐந்து, பெற்றோரில் ஒருவர் கூடச் செல்ல முடியுமா? இடமில்லை என்றால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது யார்? வீட்டில் தமிழ் மட்டும் பேசிப் பழகிய ஆறு வயதுப் பிள்ளை, முகமூடி அணிந்த அந்நியர்கள் நடுவே, காதைப் பிளக்கும் சத்தத்தில் கிடக்கும்போது, "அம்மா வந்துகிட்டிருக்காங்க" என்று சொல்ல ஒரு குரலாவது வேண்டாமா?

ஆறு, ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையில் தேவைப்பட்டது, தேவைப்பட்டும் இருளாலோ மழையாலோ எத்தனை பேரை ஏற்ற முடியாமல் போயிற்று? இந்தக் கணக்கை மக்கள் பார்வைக்கு வெளியிடுவார்களா?

இவற்றுக்கு நல்ல பதில்கள் ஏற்கெனவே இருந்தால் மகிழ்ச்சி. அவை பள்ளி அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டப்படட்டும். இல்லாதவற்றை உருவாக்கக் கேட்கும் உரிமை வரி கட்டும் பெற்றோருக்கு உண்டு. ஒரு சங்கம் கேட்டால் அது ஒரு கடிதம். 28 சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால், அதைச் சீனப்பள்ளி, தேசியப்பள்ளிச் சங்கங்களும் படித்துச் சேர்ந்துகொண்டால், பதில் வந்தே தீரும். அடிபட்ட பிள்ளைக்கு இனமும் கிடையாது, மொழிவழிப் பள்ளியும் கிடையாது.

அரசிடம் கேட்பது பாதி வேலை. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தலைக்கவசத்திலிருந்து தொடங்குங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1973 முதல் இருக்கிறது. பின்னால் அமரும் பிள்ளைக்கும் அது பொருந்தும். ஆனால் காலை ஏழு மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பாருங்கள். அப்பா தலையில் கவசம் இருக்கும், முன்னால் நிற்கும் பிள்ளை தலையில் பள்ளித் தொப்பிகூட இருக்காது. "பக்கத்துலதானே சார்" என்பார்கள். பெரியவர் கவசத்தை மாட்டிவிடுவதும் தீர்வாகாது, அளவு பொருந்தாத கவசம் மோதும்போது கழன்று போய்விடும். விளையாட்டு விழாவுக்கு நன்கொடை திரட்டும் நம்மால், வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சிரிம் முத்திரையுள்ள சிறுவர் கவசம் வாங்கித் தர முடியாதா? கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சிறுபிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டப்படி கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டால் பிள்ளை பத்திரம் என்பது நம் நம்பிக்கை மட்டும்தான், மோதலின் விசை எந்தத் தாயின் பிடியையும் மதிக்காது.

அடுத்தது, 999. அழைக்கத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் எந்தத் தாமான், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த முச்சந்தி என்று பதற்றத்தில் நம்மால் சொல்ல முடிவதில்லை. தோட்டத்து இரும்புக் கதவு இரவில் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பதும் தெரிவதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் முகவரி, அருகிலுள்ள அடையாளம், கதவுச் சாவி வைத்திருப்பவர் எண் ஆகியவற்றை மலாயிலும் தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டு வகுப்புதோறும் ஒட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. அதே நாளில், "திடலில் ஒரு மாணவன் விழுந்து நினைவிழந்தான்" என்று வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒத்திகை பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு 999 அழைத்து இடம் சொல்லக் கற்றுக்கொடுத்தால், வீட்டில் பாட்டி விழுந்தாலும் அது உதவும்.

முதலுதவியும் அப்படித்தான். செயின்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் பல பள்ளிகளில் சீருடை இயக்கங்களாகவே இருக்கின்றன. பயிற்சி பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பெற்றோருக்கும் ஒரு சனிக்கிழமை நடக்கட்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவது, உயரத்திலிருந்து விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல் கழுத்தை அசையாமல் பிடித்திருப்பது, வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது, நனைந்த உடையை மாற்றிப் போர்த்தி உடல் சூட்டைக் காப்பது. தீக்காயத்தில் பற்பசை, வெண்ணெய், காப்பித்தூள் எதையும் பூசாமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. தீபாவளி மத்தாப்புக்கும் கொதிக்கும் பொங்கல் பாலுக்கும் இந்த ஒரு பாடமே போதும். அந்தச் சில நிமிடங்களில் அருகில் இருப்பது நாம்தான். எந்த விமானியும் அதற்குள் வந்துவிட முடியாது.

பிறகு, திடல். உங்கள் பள்ளித் திடல் அகலமானதாக, மின்கம்பியும் உயர்ந்த மரமும் இல்லாததாக இருந்தால், அவசரத்தில் ஹெலிகாப்டர் இறங்கத் தகுதியானதா என்று பொம்பாவிடம் கேளுங்கள். தகுதியென்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் இறங்கும்போது எழும் காற்று தளர்ந்த கூரைத் தகரத்தையும் கூடாரத் துணியையும் தென்னை மட்டையையும் வீசியெறியும். பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் வைத்திருக்க வேண்டும், பின்பக்க விசிறியை நெருங்கவே கூடாது என்பதையெல்லாம் ஆசிரியர்களும் காவலரும் அறிந்திருக்க வேண்டும்.

ஹெலிகாப்டரால் தீராத நெருக்கடிகளும் நம் மாநிலத்துக்குத் தெரிந்தவைதான். 1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த் படகுத்துறை முனையம் இடிந்து விழுந்தபோது 32 பேர் மாண்டார்கள், 1,634 பேர் காயமடைந்தார்கள். புனித அன்னாள் திருவிழாவுக்கும் குவான் யின் விழாவுக்கும் வந்த கூட்டம் அது, குடும்பம் குடும்பமாக வந்த கூட்டம். அத்தனை பேரைத் தூக்க எந்த நாட்டிலும் ஹெலிகாப்டர் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் நம்மைக் காப்பது, அடிபட்டவர்களைத் தரம் பிரித்து, யாரை முதலில், எங்கே அனுப்புவது என்று அறிந்த கைகள் மட்டுமே. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் கூடுகிறோம். அங்கே ஒரு பிள்ளை மிதிபட்டால் இறங்கத் திடல் ஏது, ஆம்புலன்ஸ் நுழைய வழி ஏது? ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் போடும் நம் சங்கங்களும் குழுக்களும், கூட்டத்தின் நடுவே ஆம்புலன்சுக்கு ஒரு பாதையைத் திறந்து வைக்கும் தொண்டர் அணியையும் அமைக்கலாம். பந்தலில் மோர் ஊற்றுவது எவ்வளவு புண்ணியமோ, அந்தப் பாதையைக் காப்பதும் அவ்வளவு புண்ணியம்.

செலவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். ஒரு ஹெலிகாப்டரை ஒருமுறை கிளப்பவே பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். நான் மேலே கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செலவு இல்லை. எழுதப்பட்ட விதி, ஒரு தொலைபேசி இணைப்பு, பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர், சிறுவர் அளவுக் கருவிகள் கொண்ட ஒரு பை, இவ்வளவே. இவையெல்லாம் சரியாக அமைந்த பிறகு பெர்த்தாமிலிருந்து எழும் ஒவ்வொரு பறப்பும் உரிய பிள்ளைக்காக எழும், உரிய இடத்தில் இறங்கும். இவை இல்லாமல் இன்னும் பத்து ஹெலிகாப்டர் வாங்கினாலும் அவை செய்தித்தாள் படங்களில்தான் பறக்கும்.

உங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய ஒரு தீர்மானத்தை எழுதித் தருகிறேன். ஏற்றதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் திருத்துங்கள்.

"படுகாயமடையும் பிள்ளைகளைச் சாலை வழியாகவும் வான் வழியாகவும் கொண்டுசெல்வதற்கான எழுத்துவடிவ விதிகளையும், ஒப்புதல் பெற்ற இறங்குமிடங்களின் பட்டியலையும், ஆண்டுக் கணக்கையும் வெளியிடுமாறு மாநிலச் சுகாதாரத் துறையையும் தீயணைப்பு மீட்புத் துறையையும் இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது. இவ்வாண்டுக்குள் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முதலுதவிப் பயிற்சி நடத்தவும், மோட்டார் சைக்கிளில் வரும் ஒவ்வொரு மாணவருக்கும் அளவான தலைக்கவசம் இருப்பதை உறுதிசெய்யவும் இச்சங்கம் பொறுப்பேற்கிறது."

முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே கடிதத்தை அனுப்பிவிடுங்கள், பதில் வரும் தேதியைக் குறித்து வையுங்கள், வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுனிலிருந்து உங்களில் ஒரு பெற்றோர்